முடிவு எடுக்குறதுக்கு முன்னாடி காகிதத்தை காட்டுங்க: பெங்களூர் வார்டு விஷயங்கள் பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எங்க தெருவுல கொஞ்ச வருஷம் முன்னாடி ஒரு டிரெயின் வேலை, அதாவது மழைத்தண்ணி வடிகால் வேலை, நடந்துச்சு. அதுக்கு ஆர்டிஐ, அதாவது தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி ஒரு மனு, போட்டு ஃபைலை நேர்ல போய் பார்த்துட்டு வந்ததுல இருந்து, தெருக்காரங்க, ஆபீஸ்ல கூட வேலை பார்க்குற தம்பி தங்கச்சிங்க, கோயில்ல பார்க்குறவங்கன்னு யாராவது ஒருத்தர் கேட்டுட்டே இருக்காங்க, எப்படிக்கா போட்டீங்க, யாரை பார்க்கணும், நமக்கெல்லாம் சொல்வாங்களான்னு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா சொல்றதுக்கு பதிலா எல்லாத்தையும் ஒரே இடத்துல எழுதி வெச்சுடலாம்னு உட்கார்ந்தேன். நான் வக்கீல் இல்ல, அக்கவுண்ட்ஸ் வேலை பார்க்குறவ. 19 வருஷமா பெங்களூர்ல இருக்கேன்.

அக்கா, ஓப்பன் கவர்ன்மென்ட்னா என்ன? எல்லாத்தையும் வெப்சைட்ல போடுறதா?

வெப்சைட் அதுல ஒரு சின்ன பகுதிதான். மூணு விஷயம் சேர்ந்ததுதான் இது. அரசாங்கம் என்ன செய்யுதுன்னு ஜனங்களுக்கு தெரியணும், செய்யறதுக்கு முன்னாடி ஜனங்களை கேக்கணும், செஞ்சப்புறம் தப்பு வந்தா யார் பொறுப்புன்னு சொல்லணும். நம்ம வீட்டு விசேஷத்தையே எடுத்துக்கோங்க, அரிசி ஊற வெக்கிறப்பவே எத்தனை பேர் வர்றாங்கன்னு கேக்குறது ஒண்ணு, எல்லாம் சமைச்சு இறக்கினப்புறம் கூப்பிட்டு உப்பு சரியா இருக்கான்னு கேக்குறது இன்னொண்ணு. நம்ம ஊர்ல பெரும்பாலும் ரெண்டாவதுதான் நடக்குது. இந்தப் பக்கம் முழுக்க நான் சொல்ல வர்றது அந்த முதல் வகை பத்திதான்.

2011 செப்டம்பர்ல பிரேசில், இந்தோனேஷியா, மெக்ஸிகோ, நார்வே, பிலிப்பைன்ஸ், தென்னாப்பிரிக்கா, பிரிட்டன், அமெரிக்கான்னு 8 நாடு சேர்ந்து இதுக்குன்னே ஓப்பன் கவர்ன்மென்ட் பார்ட்னர்ஷிப்னு ஒரு அமைப்பு ஆரம்பிச்சாங்க. இந்தியா அதுல உறுப்பினர் இல்ல. அதனால நம்மகிட்ட ஒண்ணும் இல்லைன்னு நினைச்சுடாதீங்க, அதுக்கு 6 வருஷம் முன்னாடியே நம்மகிட்ட ஆர்டிஐ சட்டம் வந்தாச்சு.

இதெல்லாம் வெளிநாட்டு ஐடியாதானே, நம்ம ஊருக்கு ஒத்து வருமா?

உத்திரமேரூர் கல்வெட்டு பத்தி ஸ்கூல்ல எல்லாரும் படிச்சிருப்போம், பராந்தக சோழன் காலத்து குடவோலை முறை. நாம ஓலை எடுக்குறதை மட்டும்தான் ஞாபகம் வெச்சிருக்கோம். ஆனா அதுலயே இன்னொரு விதி இருக்கு, வாரியத்துல இருந்துட்டு கணக்கு காட்டாம போனவரும் அவரோட நெருங்கின சொந்தக்காரங்களும் மறுபடி வாரியத்துக்கு வர முடியாது. ஆயிரம் வருஷத்துக்கு மேல ஆச்சு, கல்லுல வெட்டி வெச்சிருக்காங்க.

இந்தக் காலத்துக்கு வந்தா, ராஜஸ்தான்ல எம்கேஎஸ்எஸ்னு ஒரு சங்கம், கூலி வேலை செய்யறவங்களும் சின்ன விவசாயிகளும் சேர்ந்தது, 1990ல ஆரம்பிச்சாங்க. பஞ்சாயத்து வேலைக்கு எத்தனை பேருக்கு எவ்வளவு கூலி கொடுத்ததா பில்லுல எழுதியிருக்குன்னு காகிதத்தை வாங்கி ஊர் நடுவுல ஷாமியானா கட்டி சத்தமா படிச்சாங்க. செத்துப் போனவர் பேர்ல கூலி போட்டிருந்ததெல்லாம் அப்படித்தான் வெளியில வந்துச்சு. 1996ல பியாவர் ஊர்ல 40 நாள் உட்கார்ந்து போராடினாங்க. அந்த சங்கத்தை ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான அருணா ராய் சென்னைல பிறந்தவங்க. அங்க இருந்து கிளம்பினதுதான் கடைசில 2005 ஆர்டிஐ சட்டமா வந்து அக்டோபர் 12ல அமலாச்சு. இதை வெளிநாட்டு ஐடியான்னு எப்படி சொல்றது.

நம்ம வோட்டே ஊர்லதான் இருக்கு. கன்னடம் எழுத வராது. நாம கேட்டா பதில் சொல்வாங்களா?

இந்தக் கேள்விக்கு மட்டும் நிதானமா பதில் சொல்றேன், ஏன்னா பெங்களூர்ல இருக்குற நம்ம தமிழ் ஆளுங்க முக்காவாசி பேர் இங்கதான் நின்னுடுறாங்க. அல்சூர், மர்பி டவுன், ஸ்ரீராம்புரம், விவேக்நகர் பக்கம் மூணு நாலு தலைமுறையா இருக்குற குடும்பங்கள் கூட நமக்கெதுக்கு வம்புன்னு ஒதுங்கிப் போறதை பார்த்திருக்கேன்.

ஆர்டிஐ கேக்குறதுக்கு நீங்க இந்தியக் குடிமகனா இருந்தா போதும். வோட்டு எங்க இருக்கு, வாடகை வீடா சொந்த வீடா, எந்த மொழி பேசுறீங்க எதுவும் கணக்கில்ல. எதுக்கு கேக்குறீங்கன்னு காரணமும் சொல்ல வேண்டியதில்ல, 6(2) பிரிவுல அது தெளிவா இருக்கு. மொழி விஷயத்துல மட்டும் ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கோங்க, இங்கிலீஷ், இந்தி, இல்ல அந்த இடத்தோட ஆட்சி மொழி, இந்த மூணுல ஒண்ணுல எழுதணும், அதனால பெங்களூர்ல தமிழ்ல எழுதி கொடுத்தா எடுத்துக்கணும்னு கட்டாயம் இல்ல. எழுதவே தெரியாதவங்க நேர்ல போய் வாயால சொன்னா, அதை எழுத்துல கொண்டு வர தகவல் அதிகாரி உதவி பண்ணணும்னு அதே 6வது பிரிவு சொல்லுது. எங்க தெருவுல பூ கட்டுற ஒரு அம்மாவுக்கு இதை சொன்னப்ப ரெண்டு தடவை திரும்ப கேட்டாங்க, எனக்கா எழுதிக் கொடுப்பாங்கன்னு. ஆமாம்மா, உங்களுக்குதான்.

கன்னடம் நாலு வார்த்தை பேசினா ஆபீஸ்ல முகமே மாறும், அது என் அனுபவம். கத்துக்கோங்க, இந்த ஊர்ல இருக்கோம், அது மரியாதையும் கூட.

பெங்களூர் மாநகராட்சி, அதான் பிபிஎம்பி, அதுவே இல்லையாமே? இப்ப யார்கிட்ட கேக்குறது?

ஆமா, மாறிடுச்சு. 2007ல சுத்தி இருந்த ஊர்களையெல்லாம் சேர்த்து பிபிஎம்பி ஆனப்ப 198 வார்டு. கடைசியா கவுன்சிலர் தேர்தல் நடந்தது 2015 ஆகஸ்ட்ல, அந்த கவுன்சில் 2020 செப்டம்பர்ல முடிஞ்சுபோச்சு. அதுக்கப்புறம் அதிகாரிகளோட நிர்வாகம்தான். 2024ம் வருஷத்து கிரேட்டர் பெங்களூரு கவர்னன்ஸ் சட்டம் 2025 மே 15ல அமலுக்கு வந்துச்சு, அந்த செப்டம்பர்ல சென்ட்ரல், நார்த், சவுத், ஈஸ்ட், வெஸ்ட்னு அஞ்சு கார்ப்பரேஷனா பிரிச்சாங்க. எல்லாத்துக்கும் மேல ஜிபிஏ, கிரேட்டர் பெங்களூரு அதாரிட்டின்னு ஒண்ணு, அதுக்கு தலைவர் முதலமைச்சர்.

இதுல என் மனசுக்கு கஷ்டமா இருக்குறது என்னன்னா, நகரத்தை அஞ்சா வெட்டுற அவ்வளவு பெரிய முடிவை எடுத்தப்ப நம்ம வார்டுன்னு சொல்லிப் பேச ஒரு கவுன்சிலர் கூட இல்ல. 2025-26க்கு பிபிஎம்பி போட்ட பட்ஜெட் சுமார் 19,900 கோடி ரூபாய், அதையும் அதிகாரிங்களே போட்டு அவங்களே பாஸ் பண்ணிக்கிட்டாங்க. அஞ்சு வருஷம் முடியுறதுக்கு முன்னாடியே அடுத்த தேர்தல் நடத்தணும்னு அரசியல் சட்டம் 243யூ பிரிவு சொல்லுது. இது பெங்களூர்ல மட்டும் நடந்ததில்ல, சென்னைலயும் 2016 அக்டோபர்ல இருந்து 2022 பிப்ரவரி வரைக்கும் தேர்ந்தெடுத்த கவுன்சில் இல்லாமலே ஓடுச்சு. ஓப்பன் கவர்ன்மென்ட்னு என்ன பேசினாலும், கேள்வி கேக்குறதுக்கு ஒரு ஆளே இல்லைன்னா அது பாதிதான்.

யார்கிட்ட கேக்குறதுன்னா, தெரு ரோடு, மழைத்தண்ணி டிரெயின், ஃபுட்பாத் எல்லாம் உங்க கார்ப்பரேஷன். குடிதண்ணியும் சாக்கடை பைப்பும் பிடபிள்யூஎஸ்எஸ்பி. கரண்ட் பெஸ்காம். லேஅவுட் விஷயம்னா பிடிஏ, பெங்களூர் டெவலப்மென்ட் அதாரிட்டி. ஒருவேளை தப்பான ஆபீஸ்க்கு போட்டுட்டா கவலை வேண்டாம், 6(3) பிரிவுப்படி 5 நாளுக்குள்ள சரியான ஆபீஸ்க்கு அவங்களே அனுப்பணும். எங்க டிபார்ட்மென்ட் இல்லன்னு திருப்பிக் கொடுத்தா வாங்கிக்காதீங்க.

வார்டு கமிட்டி வார்டு கமிட்டின்னு சொல்றீங்களே, அது என்ன?

ஊர்ல கிராம சபை இருக்குல்ல, ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2ல எல்லாம் கூடும், நடுவுல எழுந்து நின்னு கேள்வி கேக்கலாம், அதோட நகரத்து உறவுக்காரன்னு வெச்சுக்கோங்க. 1992ல வந்த 74வது சட்டத்திருத்தம், 3 லட்சமும் அதுக்கு மேலயும் ஜனத்தொகை இருக்குற நகராட்சில வார்டு கமிட்டி இருக்கணும்னு சொல்லுது. பிபிஎம்பி காலத்துல கவுன்சிலர் தலைமைல 10 பேர், அதுல குறைஞ்சது 3 பெண்கள், எஸ்சி எஸ்டி 2 பேர், குடியிருப்போர் சங்கத்துல இருந்து 2 பேர்னு ஏற்பாடு. மாசாமாசம் கூடணும், முதல் சனிக்கிழமைன்னு நாளும் குறிச்சாங்க. கவுன்சில் போனப்புறம் ஒவ்வொரு வார்டுக்கும் ஒரு நோடல் ஆபீசரை, அதாவது பொறுப்பு அதிகாரியை, போட்டு கூட்டம் நடத்தினாங்க.

நான் முதல் தடவை போனப்ப பத்து பன்னெண்டு பிளாஸ்டிக் சேர், ஒரு டேபிள், வந்தது மொத்தமா 7 பேர். ஒருத்தர் தெருநாய், ஒருத்தர் குப்பை வண்டி, ஒருத்தர் தெருவிளக்கு. எல்லாமே கம்ப்ளெயின்ட். வர்ற வருஷம் நம்ம வார்டுக்கு எவ்வளவு காசு, அதுல என்ன வேலை எடுக்கப் போறீங்கன்னு யாருமே கேக்கல, நானும் கேக்கல, அப்ப எனக்கு தெரியாது. கமிட்டியோட முக்கியமான வேலையே வார்டு வளர்ச்சித் திட்டம் போடுறதுதான். அதை நாம கேக்காம விட்டா ஏற்கனவே முடிவான லிஸ்ட்டுக்கு அங்க கையெழுத்து மட்டும்தான் விழும். புதுச் சட்டத்துலயும் வார்டு கமிட்டி உண்டு, உங்க கார்ப்பரேஷன்ல யார் யார் உறுப்பினர், எப்ப கூட்டம்னு முதல் கேள்வியா அதையே கேளுங்க, மினிட்ஸ், அதாவது கூட்டத்துல பேசினதை எழுதி வெக்கிற குறிப்பு, அதோட காப்பியும் சேர்த்து.

வேலை நடக்குற இடத்துல வெக்கிற பலகைல எல்லாம் கன்னடத்துல இருக்கு, என்னன்னே புரியல.

நாலு வார்த்தை போதும். "காமகாரி"ன்னா வேலை. "அந்தாஜு மொத்த"ன்னா மதிப்பீட்டுத் தொகை. "குத்திகெதாரரு"ன்னா கான்ட்ராக்டர். ஆர்டிஐயை "மாஹிதி ஹக்கு"ன்னு சொல்வாங்க. பலகைல ஜாப் கோட் நம்பர் இருந்தா உடனே போட்டோ எடுத்துக்கோங்க, ஒவ்வொரு வேலைக்கும் ஒரு நம்பர், அந்த நம்பர் இருந்தா ஆர்டிஐல நீங்க எந்த வேலையை கேக்குறீங்கன்னு அவங்களால மழுப்ப முடியாது. பலகையே இல்லாம வேலை நடந்தா அதையும் எழுதி வெச்சுக்கோங்க, தேதியோட.

உங்க தெரு டிரெயின் கதையை சொல்லுங்கக்கா.

தெரு முழுக்க தோண்டி பக்கவாட்டுல கான்கிரீட் போட்டு மேல ஸ்லாப் மூடணும், அதான் வேலை. பாதி தெருவுக்கு ஸ்லாப் போட்டாங்க, மீதி திறந்தே கிடந்துச்சு. ஒரு ஸ்கூல் பையன் சைக்கிளோட உள்ள விழுந்து கை பிராக்சர். கேட்டா நாளே பன்னி, நாளைக்கு வாங்கன்னாங்க. ஆறேழு நாளே பன்னி ஆச்சு. அப்பதான் ஆர்டிஐ போட்டேன், எஸ்டிமேட் காப்பி, மெஷர்மென்ட் புக் காப்பி, பில் காப்பி, அதோட ஃபைலை நேர்ல பார்க்க அனுமதி.

மெஷர்மென்ட் புக்னா எம்பி புக்னு சொல்வாங்க, வேலை எவ்வளவு முடிஞ்சுதுன்னு இன்ஜினியர் அளந்து கையால எழுதுற புக், அதை வெச்சுதான் பில் பாஸ் ஆகும். 28வது நாள் கூப்பிட்டாங்க. ஒரு இரும்பு பீரோ பக்கத்துல ஸ்டூல் போட்டு உட்கார வெச்சாங்க. நான் அக்கவுண்ட்ஸ் ஆளுங்கறதால லெட்ஜர் பார்த்துப் பார்த்து பழக்கம், நீளம் அகலம் ஆழம் எண்ணிக்கைன்னு காலம் காலமா இருந்துச்சு. ஸ்லாப் 96ன்னு எழுதி பில் பாஸ் ஆகி இருந்துச்சு. அன்னிக்கு சாயந்திரமே நானும் பக்கத்து வீட்டு தம்பியும் தெருவோட ஒரு முனைல இருந்து மறுமுனைக்கு சாக்பீஸால ஒவ்வொரு ஸ்லாப் மேலயும் நம்பர் போட்டுட்டே போனோம். 51. ரெண்டாவது தடவையும் எண்ணினோம், 51தான். அந்த நம்பர் போட்ட போட்டோவும் எம்பி புக் காப்பியும் வெச்சு ஒரு லெட்டர், 14 வீட்டுக்காரங்க கையெழுத்து. மூணு வாரத்துல மீதி ஸ்லாப் வந்து மூடிட்டாங்க.

எல்லாரும் இதோட கதை முடிஞ்சுதுன்னு சந்தோஷப்படுறாங்க. எனக்கு அப்படி இல்ல. எங்க எதிர்வீட்டு பாட்டி 40 வருஷத்துக்கு மேல அந்தத் தெருவுல இருக்காங்க. தோண்ட ஆரம்பிச்ச அன்னிக்கே சொன்னாங்க, இங்க மழை பெஞ்சா தண்ணி கோயில் பக்கமாதான்டி ஓடும், இவங்க எதிர்ப்பக்கமா சரிவு வெக்கிறாங்களேன்னு. யார் கேட்டா. எஸ்டிமேட்ல சரிவு எப்பவோ முடிவாகி கையெழுத்தும் ஆகி இருந்துச்சு, காப்பி எங்க கைக்கு வந்தப்ப கான்கிரீட் காய்ஞ்சாச்சு. ஸ்லாப் கணக்கு சரியாச்சு, சரிவை யாராலயும் சரி பண்ண முடியல. இன்னிக்கும் நல்ல மழைன்னா அவங்க வீட்டு வாசப்படி வரைக்கும் தண்ணி நிக்குது. அந்த எஸ்டிமேட் வேலைக்கு ஒரு மாசம் முன்னாடி வார்டு ஆபீஸ் சுவத்துல ஒட்டியிருந்தா போதும், பாட்டி ஒருத்தங்களே திருத்தியிருப்பாங்க.

சரி, ஆர்டிஐ எப்படி எழுதணும்?

சுருக்கமா எழுதுங்க. கர்நாடகா விதிப்படி ஒரு மனுவுல ஒரே விஷயம், பொதுவா 150 வார்த்தைக்குள்ள. ஃபீஸ் 10 ரூபாய், போஸ்டல் ஆர்டரா வெக்கலாம், வறுமைக்கோட்டுக்கு கீழ இருக்குறவங்களுக்கு ஃபீஸ் இல்ல. கர்நாடகாவுக்கு தனி ஆன்லைன் ஆர்டிஐ போர்ட்டலும் இருக்கு.

ஏன் வேலை முடியல, எப்ப முடிப்பீங்கன்னு எழுதாதீங்க. அதுக்கு தகவல் எதுவும் இல்லன்னு ஒரே வரில பதில் வரும். இருக்குற காகிதத்தை பேர் சொல்லி கேளுங்க: இந்த ஜாப் கோட் வேலையோட எஸ்டிமேட், வொர்க் ஆர்டர், எம்பி புக் பக்கங்கள், பில். நேர்ல பார்க்க அனுமதியும் கேளுங்க, நிறைய பேருக்கு தெரியாது, 2(ஜே) பிரிவுப்படி ஃபைலை பார்க்கலாம், குறிப்பு எடுக்கலாம், போட்ட சிமென்ட் ஜல்லியோட சாம்பிள் கூட சான்றோட கேக்கலாம்.

30 நாள்ல பதில் வரணும். அதைத் தாண்டிட்டா காப்பி இலவசமா தரணும். பதிலே வரல, இல்ல திருப்தி இல்லைன்னா 30 நாளுக்குள்ள அதே ஆபீஸோட மேலதிகாரிக்கு முதல் அப்பீல், அதுக்கப்புறம் 90 நாளுக்குள்ள கர்நாடக தகவல் ஆணையம். காரணம் இல்லாம இழுத்தடிச்ச அதிகாரிக்கு ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் 25,000 வரைக்கும் அபராதம் போட முடியும். ஆணையத்துல கேஸ் வர ரொம்ப நாள் ஆகும், அதனால முதல் அப்பீலையே கவனமா எழுதுங்க, அங்கேயே முடிய நிறைய வாய்ப்பு இருக்கு.

முடிவு எடுக்குறதுக்கு முன்னாடியே எங்களுக்கு சொல்லணும்னு சட்டத்துல எங்கயாவது இருக்கா?

இருக்கு, ஆனா அதை யாரும் எடுத்துப் பேசறதில்ல. ஆர்டிஐன்னா பத்து ரூபாய் மனுன்னுதான் நமக்கு பழகிப்போச்சு. 4வது பிரிவை படிங்க. நாம கேக்காமலே அவங்களா வெளியிட வேண்டிய 17 விஷயம் 4(1)(பி)ல இருக்கு, பட்ஜெட், சம்பளம், யார் எந்த முடிவு எடுக்குறாங்க எல்லாம். அதுக்கடுத்த 4(1)(சி)ல, ஜனங்களை பாதிக்கிற முக்கியமான கொள்கை உருவாக்கும்போதே அதுக்கான எல்லா விவரத்தையும் வெளியிடணும்னு இருக்கு. உருவாக்கும்போதே, முடிச்சப்புறம் இல்ல. அடுத்து 4(1)(டி), ஒரு முடிவால பாதிக்கப்படுறவங்களுக்கு அதோட காரணத்தை சொல்லணும். எங்க பாட்டியோட வாசப்படிக்கு இந்த ரெண்டு வரி போதும்.

இதைத் தவிர தனித்தனியா இருக்கு. மாஸ்டர் பிளான் போட்டா கர்நாடக நகர திட்டமிடல் சட்டப்படி வரைவை வெளியிட்டு ஆட்சேபம் கேக்கணும். அரசாங்க வேலைக்காக 50 மரத்துக்கு மேல வெட்டணும்னா மரப் பாதுகாப்புச் சட்டப்படி பொது அறிவிப்பு கொடுக்கணும். மத்திய அரசு 2014ல, புதுச் சட்டம் எதுவா இருந்தாலும் வரைவை குறைஞ்சது 30 நாள் ஜனங்க பார்வைக்கு வெக்கணும்னு ஒரு கொள்கை கொண்டு வந்துச்சு. அந்த மாதிரி ஒண்ணு கார்ப்பரேஷன் லெவல்லயும் கட்டாயமா வரணும்னு நான் நினைக்கிறேன்.

ஸ்டீல் ஃப்ளைஓவர் ஞாபகம் இருக்கா? 2016ல, பசவேஸ்வரா சர்க்கிள்ல இருந்து ஹெப்பாள் வரைக்கும் 6.7 கிலோமீட்டர், 1,791 கோடி ரூபாய், 812 மரம். கருத்து கேட்டோம், பெரும்பாலானவங்க ஆதரவுன்னு பிடிஏ சொன்னுச்சு, ஆனா அது ஒரு கோடி பேர் இருக்குற ஊர்ல சில நூறு பேர் அனுப்பின பதில். அக்டோபர் 16ம் தேதி ஞாயித்துக்கிழமை ஜனங்க ரோட்டுல இறங்கி கை கோத்து நின்னாங்க, ஸ்டீல் ஃப்ளைஓவர் பேடான்னு, வேண்டாம்னு அர்த்தம். நானும் பொண்ணை கூட்டிட்டுப் போய் நின்னேன். அடுத்த மார்ச்ல அரசாங்கமே கைவிட்டுச்சு. ஜெயிச்சதுன்னு எல்லாரும் கொண்டாடினோம், ஆனா அத்தனை ஜனம் தெருவுல வந்து நிக்க வேண்டியதே இல்ல, ஆரம்பத்துலயே டிராஃபிக் கணக்கையும் மாற்று வழிகளையும் வெச்சு உட்கார்ந்து பேசியிருந்தா. அதுக்கப்புறம் ஹெப்பாள்ல இருந்து சில்க் போர்டுக்கு சுமார் 16.7 கிலோமீட்டர் சுரங்கப்பாதைன்னு வந்தப்பவும் லால்பாக் என்னாகும், பஸ்சுக்கு மெட்ரோவுக்கு அந்தக் காசை போட்டா என்னன்னு அதே கேள்விகளை ஜனங்க வெளியில நின்னுதான் கேக்க வேண்டியிருந்துச்சு.

ஆட்சேபம் அனுப்பினா யாராவது படிக்கிறாங்களா?

ஒரே மாதிரி ஃபார்வர்ட் பண்ணின ஆயிரம் மெயில் வந்தா ஒண்ணாதான் எண்ணுவாங்க. உங்க தெரு பேர், அகலம், எந்த சர்வே நம்பர், என்ன பாதிப்பு, அதுக்கு பதிலா என்ன செய்யலாம்னு உங்க வார்த்தைல எழுதினது ஒண்ணு இருந்தா அதுக்கு மதிப்பு அதிகம். கொடுத்ததுக்கு அக்னாலெட்ஜ்மென்ட் முத்திரை வாங்காம வராதீங்க. அப்புறம் என் ஆட்சேபத்து மேல என்ன நடவடிக்கை, ஏத்துக்கலைன்னா ஏன்னு ஃபைல்ல எழுதின குறிப்போட காப்பியை ஆர்டிஐல கேளுங்க. கேட்டதுக்கு பதில் சொல்றது வரைக்கும் சேர்த்தாதான் அது கருத்துக்கேட்பு. 2017 கடைசில வெளியிட்ட 2031 மாஸ்டர் பிளான் வரைவுக்கு ஆட்சேபம் குவிஞ்சுது, 2020ல வரைவையே வாபஸ் வாங்கிட்டாங்க. எழுதின யாருக்கும் உங்க கருத்து இப்படி ஆச்சுன்னு வரிசையா ஒரு பதில் பட்டியல் கிடைச்சிருந்தா, அடுத்த பிளானுக்கு இன்னும் நிறைய பேர் எழுதியிருப்பாங்க.

எல்லாம்தான் வெப்சைட்ல இருக்கே, அப்புறம் என்ன?

இருக்கு, ஸ்கேன் பண்ணின பிடிஎஃப்ஆ. கோணலா ஸ்கேன் பண்ணி 200 பக்கம், அதுல உங்க வார்டை தேடவும் முடியாது கூட்டவும் முடியாது. 2007லயே அமெரிக்காவுல ஒரு கூட்டத்துல ஓப்பன் டேட்டாவுக்கு 8 விதி எழுதினாங்க, முழுசா இருக்கணும், நேரத்துக்கு வரணும், கம்ப்யூட்டர் படிக்கிற மாதிரி இருக்கணும், யார் வேணும்னாலும் எடுத்துக்கலாம் இப்படி. எக்செல்ல இருக்குறதை பிரிண்ட் போட்டு ஸ்கேன் பண்ணி ஏத்துறதுக்கு பதிலா அந்த எக்செல்லையே போட்டா அவங்களுக்கும் வேலை மிச்சம். ஓப்பன்சிட்டின்னு ஒரு தளம் இருக்கு, தன்னார்வலர்களும் பத்திரிகைக்காரங்களும் பெங்களூர் டேட்டாவை சேர்த்து வெச்சிருக்காங்க, போய் பாருங்க.

இந்த ஊருக்கு இதுல நல்ல பழைய பழக்கமும் இருக்கு. 1994ல சாமுவேல் பால் முன்நின்னு, தண்ணி, கரண்ட், டெலிபோன், கார்ப்பரேஷன்னு ஒவ்வொரு ஆபீஸையும் ஜனங்ககிட்ட கேட்டு ரிப்போர்ட் கார்டு போட்டாங்க, ஸ்கூல் பிள்ளைக்கு மார்க் போடுற மாதிரி. 1999லயும் 2003லயும் திரும்ப போட்டுப் பார்த்தாங்க. 2002ல புரூஃப்னு ஒரு இயக்கம், மூணு மாசத்துக்கு ஒரு தடவை கார்ப்பரேஷன் வரவு செலவை ஜனங்க முன்னாடி வெச்சுப் பேச வெச்சுது. அக்கவுண்ட்ஸ்காரியா எனக்கு அதுதான் ரொம்ப பிடிச்சது, ஒரு கம்பெனி பங்குதாரருக்கு காட்டுற மாதிரி நமக்கு காட்டணும்.

தனிப்பட்ட தகவல்னு சொல்லி மறுக்குறாங்களே?

இது இப்ப கொஞ்சம் கஷ்டமாயிடுச்சு. 2023ல வந்த டேட்டா பாதுகாப்புச் சட்டம் ஆர்டிஐயோட 8(1)(ஜே) பிரிவை மாத்தி, தனிநபர் தகவல்னாலே தர வேண்டாம்ங்கற மாதிரி ஆக்கிடுச்சு. முன்னாடி பொதுநலன் இருந்தா தரலாம்னு அந்தப் பிரிவுலயே இருந்துச்சு. ஆனா 8(2) இன்னும் இருக்கு, ரகசியத்தால வர்ற நன்மையை விட பொதுநலன் பெருசுன்னா தரலாம். அப்பீல்ல அந்த எண்ணை எழுதி, பொதுக்காசு செலவான வேலை இதுன்னு ஒரு வரி சேருங்க. எஸ்டிமேட்டும் எம்பி புக்கும் யாரோட தனிப்பட்ட தகவலும் இல்ல.

பயமா இருக்குக்கா. பிரச்சனை வராதா?

பயம் நியாயமானது. ஆர்டிஐ போட்டவங்களை அடிச்சதும் கொன்னதும் நம்ம நாட்டுல நடந்திருக்கு, அதை நான் மறைக்க மாட்டேன். அதனாலதான் தனியா போடாதீங்கன்னு சொல்றேன். ஒரே விஷயத்தை நாலு வீட்டுல இருந்து நாலு பேர் போடுங்க, வர்ற காப்பியை எல்லார் கைலயும் கொடுத்துடுங்க, ஒருத்தர்கிட்ட மட்டும் இருக்குற காகிதம்தான் ஆபத்து. நிலம் சம்பந்தப்பட்ட விஷயம்னா முதல்ல ஒரு வக்கீல்கிட்ட பேசிட்டு இறங்குங்க. ஆபீஸ்ல சண்டை போடாதீங்க, அந்த ஏஇயும் (அசிஸ்டென்ட் இன்ஜினியர்) மேல இருந்து வர்ற பிரஷர்ல வேலை பார்க்குறவர்தான், நல்லவங்க நிறைய பேர் இருக்காங்க, எனக்கு எம்பி புக்கை எப்படி படிக்கணும்னு பொறுமையா சொல்லிக் கொடுத்ததே அந்த ஆபீஸ்ல இருந்த ஒரு ஜூனியர் பொண்ணுதான்.

குழி, குப்பை, தெருவிளக்குக்கு எல்லாமே ஆர்டிஐ போடணுமா?

வேண்டாம். அதுக்கு 1533க்கு போன் பண்ணி கம்ப்ளெயின்ட் நம்பர் வாங்கிக்கோங்க. சர்டிஃபிகேட், கட்டா (சொத்துப் பதிவு) மாதிரி விஷயம்னா, குறிச்ச நாளுக்குள்ள சேவை தரணும்னு சொல்ற கர்நாடகாவோட சகாலா சட்டத்துல நாள் கணக்கு உண்டு, தாமதமானா ஒரு நாளைக்கு 20 ரூபாய் வீதம் 500 வரைக்கும் அவங்க நமக்கு தரணும். ஆர்டிஐயை காகிதம் வேணும்ங்கறப்ப மட்டும் வெச்சுக்கோங்க.

அடுத்த வார்டு மீட்டிங்குக்கு நாங்க நாலஞ்சு பேர் போகலாம்னு இருக்கோம். என்ன எடுத்துட்டுப் போகணும்?

ஒரு நோட்டு, பேனா, கேள்வியை ரெண்டு காப்பி எழுதி எடுத்துக்கோங்க, ஒண்ணு கொடுக்க, ஒண்ணுல முத்திரை வாங்க. ஒரே ஒரு கேள்வி போதும்: வர்ற வருஷம் நம்ம வார்டுல எடுக்கப் போற வேலைகளோட லிஸ்ட்டும் எஸ்டிமேட்டும் டெண்டருக்கு போறதுக்கு முன்னாடி எங்களுக்கு காட்டுவீங்களா, எந்தத் தேதில. கேட்டதும் பதில் சொன்னதும் மினிட்ஸ்ல ஏறுச்சான்னு பார்த்துட்டு எழுந்திருங்க. ஹார்ட்வேர் கடைல 30 மீட்டர் டேப் ஒண்ணு வாங்கி வெச்சுக்கோங்க, ஒரு டப்பா சாக்பீஸும். அப்புறம் உங்க தெருவுல ரொம்ப வருஷமா இருக்குற பாட்டியோ தாத்தாவோ யாராவது இருந்தா கண்டிப்பா கூட்டிட்டுப் போங்க, ஆட்டோ செலவு நீங்க போட்டுக்கோங்க, முன் வரிசைல உட்கார வைங்க.